ஏசாயா 44இல் எரியும் மரம்: தீர்க்கதரிசிகள் எதை வெறுமை என்றார்கள்?

ஏசாயா 44ஆம் அதிகாரத்தில் ஒருவன் மரத்தை வெட்டுகிறான்; ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்ந்து, அதன் தணலில் அப்பமும் இறைச்சியும் சுட்டுத் தின்கிறான்; மீதியில் ஒரு சிலையைச் செதுக்கி, "நீயே என் தெய்வம், என்னைக் காப்பாற்று" என்று விழுந்து வணங்குகிறான். சிலையை வணங்கும் யாருமே மரக்கட்டையைத்தான் தெய்வம் என்று எண்ணுவதில்லையே, இதை எழுதியவருக்கு அது தெரியாதா, அல்லது தெரிந்துகொண்டே திரித்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வசனங்களை வைத்து இன்று பிறருடைய வழிபாட்டை எடைபோடுவது சரியா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் கேட்க வந்தது வெறும் பதவுரை அல்ல என்பது புரிகிறது. தான் மதிக்கும் ஒரு நூல், பிறர் நம்பாத ஒன்றை அவர்கள் நம்புவதாகச் சொல்லிப் பழிக்கிறதோ என்ற உறுத்தல் கேள்வியில் தெரிகிறது. அந்த உறுத்தல் நியாயமானது.

எபிரேய வேதாகமத்தையும், அது உருவான காலத்து அசீரிய, பாபிலோனிய ஆவணங்களையும் இறையியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசாயா 44 பாபிலோனியச் சமயத்தைப் பற்றிய நடுநிலையான விவரிப்பு அன்று. பாபிலோன் கோயில் பூசகர் ஒருவர் அதைப் படித்திருந்தால், "நாங்கள் அப்படிச் சொல்வதே இல்லை" என்று மறுத்திருப்பார், அந்த மறுப்பில் நியாயமும் இருந்திருக்கும். ஆனாலும் அது வெறும் அறியாமையில் எழுதப்பட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பகுதி கைவைக்கும் இடம், பாபிலோனியரே பெரும் பாடுபட்டுச் சடங்குகளால் மூடிவைத்த இடம்.

அந்தச் சடங்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது தெரியாமல் ஏசாயாவின் வரிகளைப் படித்தால் பாதிதான் கேட்கும். அசீரியாவும் பாபிலோனும் இருந்த மெசொப்பொத்தேமியாவில் ஒரு தெய்வச் சிலை பட்டறையில் முடிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய்விடாது. "வாய் கழுவுதல்", "வாய் திறத்தல்" என்ற சடங்குகள் இரண்டு நாள் நடக்கும். நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்த களிமண் பலகைகளில் அதன் முறை படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. வாய் திறக்கப்படாத சிலை தூபத்தை முகராது, உணவு உண்ணாது, நீர் அருந்தாது என்று அந்தச் சடங்கு நூலே சொல்கிறது. ஆகவே, பட்டறையில் நிற்கும் மரமும் பொன்னும் தெய்வம் அல்ல என்பது பாபிலோனியருக்கு ஏசாயா சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. இதில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி.

பிறகு சிலையை ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்வார்கள். தச்சனின் கோடரி, உளி, ரம்பம் ஆகியவற்றை ஒரு செம்மறிக் கடாவின் தொடைக்குள் வைத்துத் தைத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஆறு, கைவினைகளுக்கெல்லாம் தலைவனான எயா தேவனுடைய இடம். சிலையின் காதில், இன்றிலிருந்து நீ உன் சகோதரத் தெய்வங்களோடு எண்ணப்படுகிறாய் என்று ஓதுவார்கள். அடுத்து, சிலையைச் செய்த கலைஞர்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் கைகளைத் துணியால் கட்டி, தமரிஸ்க் என்னும் மரத்தாலான கத்தியால் அந்தக் கைகளை வெட்டுவது போலப் பாவனை செய்வார்கள். "நான் இதைச் செய்யவில்லை; கொல்லர்களின் தேவனே இதைச் செய்தான்" என்று ஒவ்வொரு கலைஞனும் உறுதிமொழி சொல்ல வேண்டும். சிலைக்கான மரத்தைப் புகழும் மந்திரங்களோ, அது தூய காட்டிலிருந்து புறப்பட்டது என்று பாடுகின்றன.

இந்த உறுதிமொழியை மனத்தில் வைத்துக்கொண்டு ஏசாயா 44:12 முதல் மறுபடி படியுங்கள். கொல்லன் தணலில் வேலை செய்கிறான். பசிக்கிறது, பலம் குறைகிறது. தண்ணீர் குடிக்காமல் களைத்துப் போகிறான். தச்சன் நூல் பிடித்து அளக்கிறான், கோடு கீறுகிறான், கவராயத்தால் வட்டம் வரைகிறான், வீட்டுக்குள் வைப்பதற்கு ஏற்ற மனித வடிவம் ஒன்றைச் செய்கிறான். மரம் எங்கிருந்து வந்தது என்றால், அவனே நட்டது, மழை வளர்த்தது. சடங்கு ஆற்றில் விட்ட கருவிகளை ஏசாயா ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கிறார். வெட்டப்பட்டதாகப் பாவிக்கப்பட்ட கைகளைத் திரும்ப ஒட்டி, அந்தக் கைகளுக்குரியவனின் பசியையும் தாகத்தையும் சேர்த்துக் காட்டுகிறார். "நான் செய்யவில்லை" என்ற வாக்குக்கு, "நீதான் செய்தாய், செய்யும்போது உனக்குப் பசித்தது" என்பது பதில். இந்த இடத்தில் சிக்கல் இருப்பதை அசீரிய அரசர்களும் உணர்ந்திருந்தார்கள். கி.மு. 681 முதல் 669 வரை ஆண்ட எசரத்தோன், பாபிலோனின் தெய்வச் சிலைகளைப் புதுப்பித்தபோது பொறித்த கல்வெட்டில், தெய்வங்களைப் படைக்கும் உரிமை யாருடையது என்று தேவர்களிடமே கேட்கிறான். தகுதியான கலைஞர்களைக் குறிகேட்டுத்தான் தேர்ந்தெடுத்தான்.

இதில் எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. சடங்கு இருந்தது, கலைஞர்கள் அந்த வாக்கைச் சொன்னார்கள் என்பவை உறுதி. ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள பகுதி பாபிலோனிய உலகை நன்கு அறிந்தது என்பதும் ஏறத்தாழ உறுதி. பேல், நேபோ என்ற தெய்வங்களையும் பாரசீக அரசன் கோரேசையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த அதிகாரங்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில், நாடு கடத்தப்பட்ட யூதர்களுக்காக எழுதப்பட்டவை என்பது பெரும்பான்மை ஆய்வாளர்களின் கருத்து. எட்டாம் நூற்றாண்டின் ஏசாயாவே எழுதினார் என்று மரபு வழி நின்று கொள்வோரும் உண்டு. அந்தத் தீர்க்கதரிசி இந்தக் குறிப்பிட்ட சடங்கைக் கண்டோ கேட்டோ இருந்தார் என்பது ஊகம் மட்டுமே. 44:9-20 பின்னால் செருகப்பட்டது என்று சொல்வோர் உண்டு. 8ஆம் வசனத்திலிருந்து நேராக 21ஆம் வசனத்துக்குத் தாவினால் பேச்சு தடையின்றி ஓடுவது உண்மைதான். எகெஸ்கேல் காஃப்மன் என்ற யூத அறிஞர் உங்கள் ஐயத்தை இன்னும் வலுவாக முன்வைத்தார்: வேதாகமத்தை எழுதியவர்களுக்குப் பிற மக்களின் தெய்வக் கதைகள் தெரியவே தெரியாது, எல்லாவற்றையும் மர, கல் வழிபாடாகவே அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்பது அவர் வாதம். தெய்வத்தின் பிறப்பு, போர், திருமணம் எதையும் இந்தக் கண்டனப் பகுதிகள் தொடுவதில்லை என்பதால் அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பாபிலோனில் ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்தவர்களுக்கு அந்நகரின் தெய்வக் கதைகள் காதில் விழாமலே போயின என்பதை என்னால் நம்ப முடியவில்லை. தெரிந்ததை அவர்கள் சொல்லாமல் விட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏன் விட்டார்கள் என்பதற்கு 46ஆம் அதிகாரம் விடை தருகிறது. உங்கள் கேள்விக்கு 44ஐவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து. பேல் குனிகிறான், நேபோ பணிகிறான். அவர்களுடைய சிலைகள் மிருகங்களின் முதுகில் ஏறி, களைத்த விலங்குக்குப் பாரமாகின்றன. அடுத்த வசனத்திலேயே பேச்சு திரும்புகிறது: யாக்கோபின் வீட்டாரே, தாயின் வயிற்றிலிருந்தே உங்களைச் சுமந்தேன், உங்கள் தலை நரைக்கும் வரையிலும் நானே சுமப்பேன். சிலை கேட்குமா, பேசுமா என்ற கேள்வியைத் தாண்டி, யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று தீர்க்கதரிசி கேட்கிறார். ஏழாம் வசனத்தில் மனிதர்கள் அதைத் தோளில் தூக்குகிறார்கள், கொண்டுபோய் வைக்கிறார்கள். வைத்த இடத்தில் அது நிற்கிறது, நகர்வதில்லை. துன்பத்தில் கூப்பிட்டால் பதில் இல்லை. எரேமியா 10ஆம் அதிகாரத்திலும் இதே குற்றச்சாட்டு வருகிறது: ஆணியும் சுத்தியலும் கொண்டு அசையாமல் பொருத்துகிறார்கள், நடக்க முடியாததால் சுமக்கிறார்கள். நாடு இழந்து அடிமையாக நடந்து வந்தவர்களுக்கு இது கருத்தளவிலான வாதம் அல்ல. அசீரியப் படைவீரர்கள் தோற்ற நகரத்தின் தெய்வச் சிலைகளைத் தோளில் தூக்கிச் செல்லும் காட்சி, மூன்றாம் திக்லாத்-பிலேசரின் நிம்ரூத் அரண்மனைச் சிற்பத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தெய்வமும் போர்க்கைதியாகும் உலகம் அது.

பேலும் நேபோவும் மிருகங்களின் மேல் போவது எந்த நிகழ்ச்சி என்பதில் உடன்பாடு இல்லை. பாபிலோனின் புத்தாண்டு விழாவில் நேபோ அருகிலுள்ள போர்சிப்பா நகரிலிருந்து வருவதும், பேல் என்று அழைக்கப்பட்ட மர்தூக் ஊர்வலமாகப் புறப்படுவதும் வழக்கம். அந்த ஊர்வலத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகிறார் என்று சிலர் கொள்கிறார்கள். கி.மு. 539இல் கோரேசின் படை நெருங்கியபோது, கடைசி அரசனான நபோனிது பல நகரங்களின் தெய்வங்களைப் பாதுகாப்புக்காகப் பாபிலோனுக்குள் கொண்டுவந்தான். அதைக் குறிக்கிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து நிகழ்ச்சிக் குறிப்பேடு, போர்சிப்பாவின் தெய்வங்கள் நகருக்குள் வரவில்லை என்றே சொல்கிறது. நேபோ போர்சிப்பாவின் தெய்வம் என்பதால் இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பாபிலோன் விழுந்தபோது மர்தூக்கின் சிலை சிறைப்பட்டுப் போகவில்லை. கோரேசு அதை மதித்தான். மர்தூக்கே தன்னைத் தேடிக் கைப்பிடித்துப் பெயர் சொல்லி அழைத்ததாக, கோரேசின் களிமண் உருளையில் எழுதப்பட்டிருக்கிறது. ஏசாயா 45இல் அதே கோரேசைப் பெயர் சொல்லி அழைத்து, வலது கையைப் பிடித்தவர் இஸ்ரவேலின் கடவுள். ஒரே அரசன்மேல் இரண்டு உரிமைக் குரல்கள். ஏசாயாவின் வரிகளை நடந்த செய்தியின் அறிக்கையாகப் படித்தால் தடுமாறுவோம். அவை தோற்ற மக்களிடம், வென்றவர்களின் தெய்வத்துக்கு அஞ்ச வேண்டாம் என்று பேசப்பட்ட பேச்சு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வர இதுவே வழி, ஏனெனில் இந்தக் கண்டனங்களில் பெரும்பாலானவை பாபிலோனியர் கேட்கும்படி சொல்லப்படவில்லை. எரேமியா 10:11 மட்டும் ஒரு விதிவிலக்காக இருக்கலாம். அந்த நூலிலேயே அரமேய மொழியில் இருக்கும் ஒரே வசனம் அது. வானத்தையும் பூமியையும் உண்டாக்காத தெய்வங்கள் அழிந்துபோகும் என்று "அவர்களுக்குச் சொல்லுங்கள்" என்கிறது. அரமேயம் அன்று பேரரசின் பொதுமொழி. ஆனால் அதுவும் நாடு கடத்தப்பட்டவர்களின் வாயில் வைக்கப்பட்ட பதில் என்றே பழைய அரமேய விளக்கவுரை கருதியது. மற்ற இடங்களில் கேட்பவர்கள் எல்லாரும் இஸ்ரவேலரும் யூதேயரும்தான். இஸ்ரவேலரின் வட அரசில் ஓசியா தீர்க்கதரிசி கண்டித்த, தலைநகர் சமாரியாவின் கன்றுக்குட்டிச் சிலை, அந்நியத் தெய்வம் என்று சொல்லி வைக்கப்பட்டதல்ல. எகிப்திலிருந்து மீட்ட கடவுளின் பெயரால் வைக்கப்பட்டது. "ஒரு தொழிலாளி அதைச் செய்தான், அது தெய்வம் அல்ல" என்று ஓசியா சொல்லும்போது தன் சொந்த மக்களின் ஆலயத்தைப் பார்த்தே சொல்கிறார். அந்தக் கன்று அசீரிய அரசனுக்குக் காணிக்கையாகச் சுமந்து செல்லப்படும் என்றும் எச்சரிக்கிறார். சமாரியா விழுந்த பிறகு, அதன் மக்கள் நம்பியிருந்த தெய்வங்களையும் கொள்ளையாக எடுத்ததாக அசீரிய அரசன் சர்கோன் தன் பட்டயத்தில் பொறித்தான். அது உண்மையான சிலைகளைக் குறிக்கிறதா, வெற்றிப் பட்டயங்களில் வழக்கமாக வரும் சொற்றொடரா என்பது விவாதத்துக்குரியது.

மண்ணைத் தோண்டியவர்களும் இதையே காட்டுகிறார்கள். சீனாய் பாலைவனத்தின் வடகிழக்கில் குந்திலெத் அஜ்ரூத் என்ற இடத்தில் 1975-76இல் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த பெரிய சாடிகள் கிடைத்தன. "சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும்" ஆசி கூறும் வரி அவற்றில் மையால் எழுதப்பட்டிருக்கிறது. யாவே என்பது இஸ்ரவேலின் கடவுளுடைய பெயர். அந்த அசேரா ஒரு பெண் தெய்வமா, மரத்தூணா என்று இன்னும் வாதிக்கிறார்கள். எருசலேமிலும் யூதேய ஊர்களிலும் சாதாரண வீடுகளின் இடிபாடுகளில், மார்பைக் கைகளால் தாங்கி நிற்கும் சிறிய மண் பெண்ணுருவங்கள் எட்டாம், ஏழாம் நூற்றாண்டு அடுக்குகளில் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. தீர்க்கதரிசிகள் பேசியது அந்த வீடுகளில் இருந்தவர்களிடம். "மரத்தைப் பார்த்து நீ என் தகப்பன் என்றும், கல்லைப் பார்த்து நீ என்னைப் பெற்றாய் என்றும் சொல்கிறார்கள்" என்று எரேமியா 2:27 சொல்வது யூதாவின் அரசர்களையும் பிரபுக்களையும் ஆசாரியர்களையும் தீர்க்கதரிசிகளையும் பற்றி. முந்தைய வசனமே அவர்களை அப்படி வரிசைப்படுத்துகிறது.

அதே அளவுகோலை அவர்கள் தங்கள் புனிதப் பொருள்கள்மேலும் வைத்தார்கள். எனக்கு இந்தத் தீர்க்கதரிசிகள்மேல் மதிப்பு உயர்வதற்கு இதுவே காரணம். மோசே செய்ததாக நம்பப்பட்ட வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபம் காட்டியபோது, எசேக்கியா அரசன் அதை உடைத்துப் போட்டான் என்று இரண்டாம் இராஜாக்கள் 18 சொல்கிறது. உடன்படிக்கைப் பெட்டியும் தோளில் சுமக்கப்பட்டதுதான். அதைப் போர்க்களத்துக்குத் தூக்கிச் சென்றால் வெற்றி நிச்சயம் என்று நம்பியபோது அது பெலிஸ்தரிடம் பிடிபட்டது. எரேமியா 3:16இல், இனி அந்தப் பெட்டியை யாரும் நினைக்கவும் மாட்டார்கள், தேடவும் மாட்டார்கள், மறுபடி செய்யவும் மாட்டார்கள் என்று வருகிறது. ஏழாம் அதிகாரத்தில் அவர் ஆலய வாசலில் நின்று, "கர்த்தருடைய ஆலயம், கர்த்தருடைய ஆலயம், கர்த்தருடைய ஆலயம் இதுவே" என்று சொல்லிக்கொள்ளும் பொய் வார்த்தைகளை நம்பாதீர்கள் என்கிறார். அந்நியரையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டே அங்கு வந்து "தப்பித்தோம்" என்றால், முன்பு கர்த்தருடைய வீடு இருந்து அழிந்துபோன சீலோவுக்கு நேர்ந்தது இந்த வீட்டுக்கும் நேரும் என்கிறார். எசேக்கியேல் இன்னும் ஒரு படி மேலே போய், கடவுளின் மகிமை எருசலேம் ஆலயத்தை விட்டு எழும்பிக் கிழக்கு மலைக்குப் போவதைக் காண்கிறார். கோபம் கொண்ட தெய்வம் சிலையை விட்டு நீங்கிவிடும் என்ற எண்ணம் பாபிலோனியருக்கும் பழக்கமானதே.

ஆகவே, வெறுமை என்று அவர்கள் சொன்னதன் உட்பொருளை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மனிதன் தன் கையால் உண்டாக்கித் தன் வசத்தில் வைத்துக்கொண்ட ஒன்று, அவனை எதிர்த்துப் பேசாது, திருத்தாது, ஆபத்தில் தூக்காது. ஆபகூக் 2ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களில் இது சுருக்கமாக இருக்கிறது. மரத்தை "விழித்தெழு" என்றும் ஊமைக் கல்லை "எழும்பு" என்றும் சொல்கிறவனுக்கு ஐயோ என்று தொடங்கி, கர்த்தர் தம் ஆலயத்தில் இருக்கிறார், பூமியே மௌனமாயிரு என்று முடிகிறது. முதல் பாதியில் மனிதன் கட்டளையிடுகிறான், சிலை மௌனம். பிற்பாதியில் மௌனமாக இருக்க வேண்டியவன் மனிதன்.

பிற்கால நூல்களில் இந்தக் கூர்மை மழுங்கிவிட்டது என்பது என் மதிப்பீடு. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் பாரூக்கின் ஆறாம் அதிகாரமாக இருக்கும் எரேமியாவின் மடல், சிலைகள்மேல் வௌவாலும் குருவியும் உட்காருவதையும், புகையால் முகம் கருப்பதையும் வரிசையாகச் சொல்லிப் போகிறது. அந்நிய மண்ணில் இருப்பவர்களின் அச்சம் நீங்க அது உதவியிருக்கும். ஆனால் எரேமியா தன் ஆலயத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அதில் இல்லை. அயலாரின் வழிபாட்டைப் பார்த்துச் சிரிப்பது மட்டுமே மிஞ்சுகிறது. இன்று இந்த வசனங்களைப் பிறர்மேல் எறிபவர்கள், தாங்கள் ஏசாயாவின் வழியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் இந்த மடலின் வழியில்தான் நிற்கிறார்கள்.

நம் ஊர்க் கோயில்களில் நடக்கும் கண் திறப்பும் குடமுழுக்கும் மேலே சொன்ன வாய் திறப்புச் சடங்கைப் படித்ததும் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். வெளித்தோற்றத்தில் ஒப்புமை உண்டு. ஆனால் ஏசாயா அறிந்தது பாபிலோனை, எரேமியா அறிந்தது யூதாவை. ஆகமங்கள் மூர்த்தத்தைப் பற்றிச் சொல்வதை அவர்கள் கேட்டதுமில்லை, அதற்குப் பதில் எழுதியதுமில்லை. ஒருவர் தன் விசுவாசத்தின்படி சிலை வழிபாட்டை ஏற்க மறுக்கலாம். யூதரும் கிறிஸ்தவரும் மறுத்து வருகிறார்கள், பத்துக் கட்டளைகளில் அதற்குத் தெளிவான அடிப்படை இருக்கிறது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் என்ன நம்புகிறார் என்பதற்கு ஏசாயா 44ஐச் சாட்சியாக நிறுத்த முடியாது. அதை அவரிடமே கேட்க வேண்டும். ஆகமங்களைப் பற்றிப் பேச எனக்குப் பயிற்சி இல்லை, அவற்றை முறையாகக் கற்றவர்கள் இங்கே இருந்தால் அந்தப் பகுதியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நீங்கள் தொடர்ந்து படிக்க விரும்பினால், ஏசாயா 44ஐ 46உடன் சேர்த்து ஒரே அமர்வில் வாசியுங்கள். பிறகு எரேமியா 10ஐ வாசிக்கும் முன்பு 7ஐ வாசியுங்கள்.